குஞ்சம் கழன்ற சேவிங் பிரஷ்

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாமா,

சுகமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. ஆனாலும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போன இடத்திலும் யாராவது ஒருவரை நிறுத்திவைத்து, "அத நீங்க பாத்தியளா?" என்று குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பீர்கள். உங்களுக்குப் பொழுது போய்விடும்.

இதை உங்கள் படத்துக்கு முன்னால் நின்றே சொல்லியிருக்கலாம். கோமதி அப்படித்தான் சொன்னாள். ஆனால் தனியாகப் பேசி உங்களிடம் நான் ஒருநாளும் ஜெயித்தது கிடையாது. அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். நாலு பேர் இருந்தால் நீங்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பீர்கள்.

விஷயம் அந்த சேவிங் பிரஷ்தான்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கரிவலம்வந்தநல்லூர் வீட்டில் பந்தி இலையெல்லாம் எடுத்த பிறகு, அத்தை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உங்கள் சாமானைக் கொடுத்தார்கள். உங்கள் மகன் சங்கர் மச்சானுக்குக் கைக்கடிகாரம். உங்கள் மகள், அதாவது என் வீட்டுக்காரி கோமதிக்கு, நீங்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலி. பேத்தி ஜெனிக்குப் பேனா. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் பையைக் கையில் திணித்தார்கள். உள்ளே இருந்தது நான் உங்களுக்கு வாங்கிக் கொடுத்த சேவிங் பிரஷ்.

எனக்குச் சுருக்கென்றது. கொடுத்த சாமானைத் திருப்பிக் கொடுத்தால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? சம்பந்தம் முறிந்த வீடுகளில்தான் சீர்ப் பாத்திரம் திரும்பி வரும். செத்தும் என்னிடம் கணக்கை முடித்துக்கொண்டீர்களோ என்று நினைத்தேன். சபையில் சிரித்த முகமாக நின்றுவிட்டு, வண்டியில் வரும்போது சங்கரன்கோவில் வரைக்கும் கோமதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது சுத்த சைவ வீடு. நெற்றி நிறையத் திருநீறு, தபால் ஆபீஸ் உத்தியோகம், திங்கள் தவறாமல் சங்கரநாராயணர் சன்னதி. நான் சர்ச்சுக்குப் போகிறவன், கறி மீன் சாப்பிடுகிறவன், ராஜபாளையம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன். உங்கள் மகளும் நானும் ஆசைப்பட்டோம். நீங்கள் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து கடைசி வரை நின்றீர்கள். சாப்பிடாமல் போய்விட்டீர்கள்.

அதன் பிறகும் எங்கள் வீட்டுக்கு வராமல் இல்லை. வருவீர்கள், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவீர்கள். தண்ணீர் கொண்டுவந்தால் மட்டும், "வார வழியிலதான் குடிச்சேன்" என்பீர்கள். கரிவலத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உங்களுக்கு யார் தண்ணீர் பந்தல் வைத்திருந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நீங்கள் ஒன்று திருப்பிக் கேட்பீர்கள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் கிறிஸ்மஸுக்குத்தான் அந்த பிரஷ்ஷைக் கொடுத்தேன். அத்தைக்குச் சேலை எடுத்தாயிற்று, உங்களுக்கு என்ன எடுப்பது? வேட்டி எடுத்தால் கட்ட மாட்டீர்கள், பலகாரம் கொடுத்தால் தொட மாட்டீர்கள். நீங்கள் ஒருநாளும் முகத்தில் முள் தெரிய நின்றது கிடையாது என்பதை வைத்து, மதுரையில் ஒரு கடையில் தேடிப் பிடித்து வாங்கினேன். பால் வெள்ளைக் கைப்பிடி, கழுத்தில் கறுப்பு வளையம், மேலே அடர்த்தியான குஞ்சம். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இது எதோட முடி மாப்பிள?"

"குதிர முடின்னு கடைக்காரர் சொன்னாரு மாமா."

"அவரு சொன்னாரு. நீங்க பாத்தியளா?"

அவ்வளவுதான். பீரோ மேல் வைத்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த பிரஷ்ஷை நான் உங்கள் வீட்டில் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருந்தேனா என்றால், தேடித்தான் பார்த்தேன். வருகிறபோதெல்லாம் கைகால் கழுவப் போகிற சாக்கில் கண்ணாடி மாட்டியிருக்கும் ஜன்னலை ஒரு நோட்டம் விடுவேன். ரேசர் இருக்கும், படிகாரக் கட்டி இருக்கும், சோப்புக் கிண்ணம் இருக்கும். பிரஷ் இருக்காது. தூக்கிப் போட்டுவிட்டார், அல்லது யாருக்காவது தானம் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். உங்கள் வழவழப்பான கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அந்த பிரஷ்தான் மஞ்சள் பையில் வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு மூன்று வாரம் அதைத் தொடவே இல்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் ஓய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும் முன், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று வெந்நீரில் நனைத்துச் சோப்பில் இரண்டு சுழற்று சுழற்றினேன். குஞ்சம் மட்டும் தனியாகக் கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. கையில் வெறும் கைப்பிடி.

கோமதி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லதை யாரோ எடுத்துக்கொண்டு, ஓட்டை உடைசலை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பட்டது. சங்கர் மச்சான் முகம்தான் முதலில் வந்து நின்றது. ஆனால் மச்சானுக்குக் கல்லூரி நாளிலிருந்தே தாடி. அவருக்கு இது எதற்கு? கைப்பிடியும் நான் வாங்கியதேதான், சந்தேகமில்லை. சரி, மாற்றவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் பரண்மேல் கிடந்து பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறது. தொடாமலே வைத்திருந்து, தொடாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார் மனுசன் என்று நினைத்தேன்.

குஞ்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். முடி பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. பூச்சி அரித்திருக்கும் என்றேன். கோமதி, "சந்தேகப்படுததுல நீங்களும் எங்கப்பாவும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் காதில் விழவில்லை. வந்ததும் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, ஸ்குரு முடுக்குகிற கூரான திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் வெயிலுக்கு முகம் காட்டி உட்கார்ந்தேன். ஒட்டுவதென்றால் கைப்பிடியின் குழியில் இருக்கிற பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பசை விற்றே வயிறு வளர்க்கிறவன் நான். எந்தப் பசை எப்படிக் காயும், எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும்.

மேலே இருந்தது மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை. தண்ணீர் பட்டுப் பட்டுத் தயிர் மாதிரி ஆகியிருந்தது. தினமும் நனைகிற சாமானுக்கு அதைப் போய் எவனாவது போடுவானா? அதைச் சுரண்டினால் கீழே மஞ்சளாக இழுபடுகிறது, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன். அதற்கும் கீழே, குழியின் அடியில், கெட்டியாகச் சிவப்பாக ஒன்று. திருப்புளியை வைத்துத் தட்டினால் சில்லாகத் தெறித்தது. அரக்கு. தபால் பைக்குச் சீல் வைக்கிற அரக்கு, மாமா! வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்று உங்களுக்கா தெரியாது? ஆபீஸ் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் நீங்கள். அந்த அரக்கு எங்கிருந்து வந்தது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

ஆக, ஒரு தடவை இல்லை, பல தடவை கழன்றிருக்கிறது. பல தடவை ஒட்டியிருக்கிறது. கழல வேண்டும் என்றால் யாரோ இதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். யார்?

சுரண்டியதையெல்லாம் ஒரு பேப்பரில் கொட்டி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பசைக்குள்ளே பொடிப் பொடியாக நரைத்த முள் முடி சிக்கியிருந்தது. அரக்குச் சில்லுக்குள்ளே கறுப்பு முடி. சவரம் செய்கிறவன் கன்னத்திலிருந்து பிரஷ்ஷுக்குப் போய், அங்கிருந்து பசையில் ஒட்டியது. உங்கள் கன்னத்தில் கறுப்பு முடி இருந்தது நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த காலத்தில். அப்போதிருந்தா?

நீங்களாக இருந்தால் அந்த இடத்தில் நம்பியிருப்பீர்களா? நானும் நம்பவில்லை. என் மனசு ஆறட்டும் என்று கோமதியே ஏதோ செய்து வைத்திருக்கிறாளோ என்று தோன்றியது. போய்க் கேட்டும்விட்டேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செத்த மனுசர் மூஞ்சியில இருந்து நான் முடியப் பிடுங்கிட்டு வந்து ஒட்டுனேனாக்கும்? போயி எங்கம்மாட்ட கேளுங்க."

பிரஷ்ஷின் இரண்டு பாகத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். கரிவலம் போய்ச் சேரும்போது அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இல்லாத வீட்டில் டிவி சத்தம் கூடுதலாக இருக்கிறது, மாமா. நீங்கள் இருந்தால் குறைக்கச் சொல்லியிருப்பீர்கள். நான் பிரஷ்ஷை எடுத்து முன்னால் வைத்ததும் அத்தையே அணைத்துவிட்டார்கள்.

இதை என்னிடம் ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை ஏதோ உளறியது போல.

நீங்கள் தினமும் அதில்தான் சவரம் செய்தீர்களாம். செவ்வாய், வெள்ளி மட்டும் கிடையாது. பின்பக்கம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வீர்களாம். முடிந்ததும் கழுவி, ஒரு தகர டப்பாவில் போட்டு, ஓட்டுக்கு அடியில் செருகி வைத்துவிடுவீர்களாம். நான் ஜன்னலில் தேடினேன், நீங்கள் ஓட்டில் செருகினீர்கள். எதற்கு இந்த ஒளிவு மறைவு என்று கேட்டேன். அத்தை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்கள்.

"அது பன்னி முடி மாப்பிள. அவருக்குத் தெரியும்."

முன்னால் கிடந்த குஞ்சத்தைக் குனிந்து பார்த்தேன்.

அந்தக் கிறிஸ்மஸ் முடிந்த கொஞ்ச நாளிலேயே, நீங்கள் யாருக்கோ கண் ஆப்பரேஷனுக்குத் துணையாக மதுரைக்குப் போனபோது, ஒரு கடையில் அதே பிரஷ்ஷைப் பார்த்தீர்களாம். எதன் முடி என்று டப்பாமேல் அச்சடித்திருந்ததை வாசித்தீர்களாம். தபால்காரர் கண்ணில் எழுத்துப் பட்டால் வாசிக்காமல் விடுமா? வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை ஐயையோ என்று பதறி, அதைத் தூக்கிக் குப்பையில் போடப் போயிருக்கிறார்கள். நீங்கள் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டு சொன்னதை அத்தை அப்படியே சொன்னார்கள்.

"மாப்பிள தெரிஞ்சா தந்தாரு? ஆசையாத் தந்தாரு. குளிக்கதுக்கு முன்னாடிதான பூசுதேன், குளிச்சாப் போச்சு. இது அவரு காதுக்குப் போவக் கூடாது. தெரிஞ்சா மனுசன் கூசிப் போயிருவாரு."

மாமா, நான் பெயிண்ட் பிரஷ் விற்கிறவன். அதே முடி என் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. கையில் எடுத்து நுனியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டீர்களே, "நீங்க பாத்தியளா?" என்று. நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி இருந்துவிட்டீர்கள்.

என் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காத மனுசர், நான் கொடுத்த பன்றி முடியை முகத்தில் தேய்த்துக்கொண்டு, பிறகு தலை முழுகித் திருநீறு பூசி, சாமி கும்பிடப் போயிருக்கிறீர்கள். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? தண்ணீருக்கு ஒரு நியாயம், பிரஷ்ஷுக்கு ஒரு நியாயமா? எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை.

அப்போதும் என் புத்தி போகவில்லை பாருங்கள். அத்தை நல்ல மனசுக்காரி, மருமகன் வாடிப்போய் நிற்கிறானே என்று இட்டுக்கட்டிச் சொல்கிறார்களோ என்று உள்ளுக்குள் ஒரு குரல். அதற்குள் அத்தை குஞ்சத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். முதல் தடவை கழன்றபோதே, மாப்பிள்ளை கடையில் கொடுத்தால் ஒட்டித் தருவாரே என்று சொன்னார்களாம். கடை என்றால் நாலு பேர் நிற்பார்கள், எவனாவது வாங்கிப் பார்த்து இது இன்ன முடி என்று சொல்லிவிட்டால் மாப்பிள்ளை முகம் என்னாவது என்று நீங்கள் மறுத்துவிட்டீர்களாம்.

"ஒரு நாளு வெறுங்கையோட ஒங்க கடைக்கு வந்தாராமே. தண்ணியில விடாத பசை எதுன்னு கேட்டதுக்கு, எதுக்கு மாமான்னு நீங்க திருப்பிக் கேட்டியளாம். ஒண்ணும் வாங்காம வந்துட்டாரு."

அந்த நாள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பசை அடுக்கியிருக்கும் தட்டு முன்னால் போய் நின்றீர்கள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வாசித்தீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். நான் எதுக்கு என்றேன். "சும்மா, தெரிஞ்சுக்கிடத்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தீர்கள். கடை ஓடுகிறதா, மகள் நன்றாகப் பிழைப்பாளா என்று வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கோமதியிடம்கூட அதைச் சொன்னதில்லை. கடையில் அன்றைக்கு நானும் நீங்களும் மட்டும்தான். அத்தைக்கு அது தெரியவேண்டும் என்றால் நீங்கள் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கேதான், மாமா, நான் அழுதேன். அத்தை முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எதுக்கு என்று கேட்டது ஒரு குற்றமா? கடைக்காரன் கேட்கத்தான் செய்வான். மரத்துக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று இருக்கிறதே. பிரஷ்ஷுக்கு என்று சொல்லியிருந்தால், இரண்டு டியூபைக் கலந்து போடுகிற பசையை நானே குழைத்து ஒட்டிக் கையில் கொடுத்திருப்பேன். என்ன முடி என்று நானா பார்க்கப் போகிறேன்? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று, பஞ்சர் சொல்யூஷனையும் அரக்கையும் வைத்து இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சங்கடம் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, அதைச் சேர்த்துச் சுமக்க உங்களை யார் சொன்னது?

இதையெல்லாம் ஊரறிய எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். உங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்களே என்று எனக்கு ஒரு தயக்கம். "எழுதுங்க. சுளிக்கவன் சுளிச்சிட்டுப் போறான்" என்று சொல்லிவிட்டார்கள். கோமதி இதை வாசித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கிறது.

கிளம்பும்போது வாசலில் வைத்து, முதலில் கேட்டதையே அத்தையிடம் மறுபடி கேட்டேன். எல்லாருக்கும் ஒன்று கொடுத்தீர்கள், எனக்கு இதை ஏன் தேர்ந்து எடுத்தீர்கள்? அத்தை, தான் தேர்ந்து எடுக்கவில்லை என்றார்கள். படுக்கையில் விழுந்த பிறகு, நீங்கள்தான் ஓட்டிலிருந்து அந்த டப்பாவை எடுக்கச் சொன்னீர்களாம்.

"நான் போன பெறவு இத மாப்பிள கையில குடு. நமக்கு ஒட்ட வரல. அவருக்குத்தான் ஒட்டத் தெரியும்னு சொன்னாரு."

ஆக, திருப்பிக் கொடுக்கவில்லை. வேலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நேற்று மதியம் கடையை அடைத்துவிட்டு அந்த வேலையைச் செய்தேன். அரக்கு அடிவரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டேன். உங்கள் முடி இருந்த சில்லை எடுக்கத்தான் கை வரவில்லை. ஆனால் அதை விட்டுவைத்து ஒட்டினால் மறுபடி கழலும். குழியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குஞ்சத்தின் அடியை நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு டியூபையும் சமமாகக் குழைத்து உள்ளே இறக்கினேன். சாயாமல் காய வேண்டும் என்பதற்காக ஒரு தம்ளரில் நிறுத்தி வைத்து, யாரையும் பக்கத்தில் விடவில்லை. இன்று காலையில் இழுத்துப் பார்த்தேன். என் கைதான் வலித்தது.

இனி என் காலம் வரைக்கும் இது கழலாது, மாமா. தினமும் நான் இதில்தான் சவரம் செய்வேன். செவ்வாயும் வெள்ளியும் தொட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரு உதவி என்று கேட்டது கிடையாது. இந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்பதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை,
செல்வின்